நாலு தலைமுறை, பத்திரத்தில் பெயர் இல்லை

மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மலையேறினால் மாஞ்சோலை. அதற்கும் மேலே நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்த 8,373 ஏக்கரை சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. 1952-இல் ஜமீன் போய் நிலம் அரசுக்கு வந்த பிறகும் குத்தகை ஓடியது. கெடு 2028. அதற்கு முன்பே, 2024-இல், தேயிலைத் தோட்டத்தை மூடுவதாகச் சொன்ன நிறுவனம் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வைக் கொண்டுவந்தது.

நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்தக் குத்தகையில் பாத்தியம் இல்லையா? நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் முதலில் பார்ப்பது, பத்திரத்தில் யார் யார் 'பார்ட்டி' என்பதை. எழுத்தர்கள் 'ஒன்றாவது பார்ட்டி', 'இரண்டாவது பார்ட்டி' என்று எழுதுவார்களே, அதுதான். பார்ட்டியாக இல்லாதவர், சில விலக்குகள் தவிர, அந்தப் பத்திரத்தை வைத்து வழக்காட முடியாது. 1929 குத்தகை ஜமீனுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நடந்தது.

அதற்காகக் கைவிரிக்க வேண்டியதில்லை. பணிக்கொடையும் சேமநிதியும் குத்தகையிலிருந்து வரவில்லை, சட்டத்திலிருந்து வருகின்றன. 5 வருடம் வேலை பார்த்தவருக்கு, வருடத்துக்கு 15 நாள் கூலி பணிக்கொடை. அது யாருடைய தயவும் அல்ல. வேலை தொடர்வது வேறு விஷயம்: தோட்டத்தைத் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஏற்று நடத்தட்டும் என்ற கோரிக்கையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. மறுவாழ்வுக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்றது.

விருப்ப ஓய்வுப் படிவத்தில் நிலைமை தலைகீழ். கையெழுத்துப் போட்டவுடன் நீங்களே பார்ட்டி. மாஞ்சோலையில் யார் எப்படிப் போட்டார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்: 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 10, 'சுதந்திரமான சம்மதம்' கேட்கிறது. மிரட்டியோ, பொய் சொல்லியோ, தன் கைக்குள் இருப்பவரை வளைத்தோ வாங்கிய சம்மதத்தில் உருவான ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 'செய்யலாம்' என்பதைக் கவனியுங்கள், தானாக ரத்தாகாது. பாதிக்கப்பட்டவர் தாமதிக்காமல் போய்க் கேட்க வேண்டும். பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டு இரண்டு வருடம் கழித்துப் போனால் கோர்ட்டில் எடுபடுவது கஷ்டம். 'வேறு வழியில்லாமல் போட்டேன்' என்பது மட்டும் பெரும்பாலும் போதாது.

எனவே போடுவதற்கு முன்பு 15100-க்குப் போன் செய்யுங்கள். அது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தேதி போடாத தாளில் கையெழுத்து வேண்டாம். நகல் கேளுங்கள், தர மறுத்தால் செல்போனில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.