பேஸ் எங்கே போனது?

ஜப்பானிலிருந்து வரும் பழைய வாகனங்களின் வானொலி பெரும்பாலும் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இலங்கையின் பண்பலை 108 வரை போகிறது. நுரைச்சோலையில் வேன் வாங்குபவர் செட்டை மாற்றுவதற்கு இது ஒன்றே போதும்.

மாற்றிய பிறகு பாட்டு சத்தமாகவே கேட்கும். மேளத்தின் அடி, அதாவது பேஸ், மட்டும் இருக்காது. ஏன்?

பெரும்பாலும் ஒரு கதவு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் வயர்கள் மாறியிருக்கும். ஒரு கூம்பு காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீற்றர், கதவுகளுக்கிடையிலான தூரம் அதைவிட மிகக் குறைவு. ஆகவே இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 5000 ஹெர்ட்ஸின் அலைநீளமோ 7 சென்ரிமீற்றர்தான். அதனால் ஜால்ராச் சத்தம் தப்பிவிடுகிறது.

பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் திருப்பும்போது பேஸ் கூடினால் சந்தேகம் சரிதான். செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயர்களில் 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். பிளஸ் பிளஸோடு சேர்ந்தால் கூம்பு வெளியே வரும்.

என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலிக்குக் காரணம் வேறு. அது ஆல்டர்நேட்டரின் இரைச்சல். எர்த் சரியில்லாதபோது உள்ளே நுழைகிறது. கடலோர உப்புக்காற்றில் எர்த் போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவையும் பெயின்டையும் சுரண்டி, பளிச்சென்று தெரியும் உலோகத்தில் போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும்.