16 வயசுல ராணுவம்... அந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டது யாரு?

திருச்சி ஏர்போர்ட்டில் கோலாலம்பூர், சிங்கப்பூர் ஃபிளைட் கிளம்பும் நேரத்தில் போய்ப் பார்த்திருக்கீங்களா? வழியனுப்ப வந்த கூட்டமே தனி. மலேசியாவில் சித்தப்பாவோ அத்தையோ இருக்கும் குடும்பங்கள் நம்ம பக்கம் ஏராளம். இந்தப் போக்குவரத்து விமானத்தோடு ஆரம்பித்தது இல்லை. அதற்கு முன்பே திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்து ஜனங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கு போனார்கள். கங்காணிகள் கூட்டிப்போனவர்கள் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். படித்தவர்கள் ஆபீஸ் வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் போனார்கள்.

அப்படிப் போன தமிழர்களின் பிள்ளைகளில் சிலர், இரண்டாம் உலகப்போரில் ராணுவ உடை போட்டு பர்மா வரைக்கும் போயிருக்கிறார்கள். அதில் சிலருக்கு இன்றைய கணக்கில் ப்ளஸ் ஒன் வயசுதான்!

எங்கே ஆரம்பித்தது?

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மலாயா தமிழர்களின் வாழ்க்கை தலைகீழானது. அரிசித் தட்டுப்பாடு, தோட்டங்களில் வேலை இல்லை. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களை ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அதில் பெரும் பகுதியினர் திரும்பவே இல்லை. அந்தப் பாதைக்குப் பெயரே 'மரண ரயில்' என்று ஆகிப்போனது.

இந்த நேரத்தில்தான், 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று தனிப்படை வேண்டும் என்று அழைத்தார். அதுதான் ஜான்சி ராணி படை. தலைமை ஏற்றவர் கேப்டன் லட்சுமி. சென்னையில் பிறந்து, சிங்கப்பூரில் டாக்டராக இருந்தவர். 1943 அக்டோபர் 22-ல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அந்த ஒரு கையெழுத்து

சேர வேண்டும் என்றால் சும்மா போய் வரிசையில் நின்றுவிட முடியாது. கல்யாணம் ஆகாத பெண் என்றால் அப்பா, ஆனவர் என்றால் கணவர், ஃபார்மில் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவருக்கு அப்போது 18 வயசு. போஸ் பேச்சைக் கேட்டுவிட்டு, காதில் போட்டிருந்த வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். ஆனால், வசதியான வீட்டுப் பெண் ராணுவத்துக்குப் போவதை அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கேப்டன் லட்சுமியை வீட்டுக்கு டீ சாப்பிட அழைத்து, அவர் பேசிய பிறகுதான் அப்பா மனசு மாறியது என்று ஜானகி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ராசம்மா இன்னும் சின்னவர். 1927-ல் பிறந்தவர், அக்கா பொன்னம்மாவோடு சேரும்போது வயசு 16. உங்க தங்கச்சி ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியா போறேன்னு சொன்னாலே, 'இறங்கினதும் போன் பண்ணு'ன்னு சொல்வீங்க இல்லையா? அதே வயசு!

இவர்கள் படித்த வீட்டுப் பெண்கள். தோட்டத்துப் பெண்களின் நிலைமை வேறு. வீட்டில் பட்டினி, வெளியே ஜப்பானிய சிப்பாய்கள் பற்றிய பயம். முகாமில் சாப்பாடு உண்டு, உடுப்பு உண்டு, மரியாதை உண்டு. தேசப்பற்று இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால், வேறு வழி இல்லாததும் சிலரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

முகாமில் என்ன வேலை?

விடியற்காலையில் எழுந்து டிரில். துப்பாக்கி சுடுதல், பயோனெட் பயிற்சி, முதுகில் மூட்டையோடு நீண்ட நடை. கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானியில். தமிழ் மட்டும் தெரிந்த பெண்களுக்கு அதுவே தனிப் பாடம்.

அடுத்தது பர்மா. போகிற வழியில் இவர்கள் ஏறியது அதே மரண ரயில் பாதையில்! மேமியோவில் முகாம். முன்வரிசையில் போய்ச் சண்டை போட வேண்டும் என்பதுதான் அவர்களின் ஆசை. ஆனால், 1944-ல் இம்பால் போரில் தோல்வி. மழை, மலேரியா, பசி எல்லாம் சேர்ந்து அடிக்க, காயம்பட்ட வீரர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். சுடக் கற்றுக்கொண்ட பெண்கள் கட்டுப்போட உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே குண்டுவீச்சு விமானங்கள்.

1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கல். பகலில் விமானத் தாக்குதல் என்பதால் இரவில் நடை. சேறு, ஆறு, கொப்புளம் வெடித்த கால்கள். அந்த மாதங்களில் பெண்கள் வந்த ரயில் ஒன்று தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இருவர் இறந்துபோனார்கள்.

போர் முடிந்த பிறகு?

ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதிநாகப்பன், மலேசிய இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2000-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2014-ல் மறைந்தார். ராசம்மா பூபாலன் ஆசிரியை ஆனார். மலேசியாவில் பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களுக்கு நிகரான சம்பளம் கேட்டுப் போராடி ஜெயித்தவர்களில் முன்னணியில் நின்றார்.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. ரங்கூனில் 1927-ல் பிறந்த சரஸ்வதி ராஜாமணி, டீன் ஏஜில் இந்திய தேசிய ராணுவத்தின் உளவுப் பிரிவில் இருந்தவர். பையன் வேஷம் போட்டு பிரிட்டிஷ் முகாம்களில் வேலை பார்த்ததையும், தோழியை மீட்டு ஓடும்போது காலில் குண்டு பாய்ந்ததையும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதுமையில் சென்னையில் வறுமையோடு இருந்தவருக்கு, 2005-ல்தான் தமிழக அரசு வீடும் 5 லட்சம் ரூபாயும் கொடுத்தது. அவரோ, சுனாமி நிவாரணத்துக்குத் தன் ஒரு மாத பென்ஷனையே கொடுத்தார். 2018 ஜனவரியில் காலமானார்.

தோட்டத்திலிருந்து வந்த பெண்கள்? பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. திரும்பவும் பால் வெட்டப் போனார்கள்.

நம்ம ஆட்கள் மட்டுமா?

இல்லை. முதல் உலகப்போரில் கனடா படையில் மட்டும் வயசைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன்கள் சுமார் 20,000 பேர் இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் டிம் குக் மதிப்பிடுகிறார். பர்த் சர்ட்டிஃபிகேட் கேட்கவில்லை. பையன் சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போனால் முதல் உலகப்போர் நினைவுச்சின்னத்தைப் பாருங்க. இங்கிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று கல்லில் இருக்கும். யாருக்கு என்ன வயசு என்பது இருக்காது.

பிற்காலத்தில் இலங்கைப் போரிலும் தமிழ்ச் சிறார்கள் ஆயுதம் ஏந்தவைக்கப்பட்டதை யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. காரணம் எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும், 'இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?' என்று கேட்க வேண்டிய பெரியவர்கள் கேட்காமல் விடுவதுதான் எல்லா இடத்திலும் நடந்தது. பிள்ளையின் தைரியம் நிஜம். அதைக் காட்டி பெரியவர்கள் பொறுப்பிலிருந்து நழுவிவிட முடியாது.

இப்போ ரூல் என்ன?

18 வயசுக்குக் கீழே உள்ளவர்களை நேரடிப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்று 2000-ல் ஐ.நா. ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தது. இந்தியா 2005-ல் அதை ஏற்றது. அக்னிவீர் ஆவதற்குக் குறைந்தபட்ச வயசு பதினேழரை. 18 ஆகாதவர்களின் சேர்க்கை ஃபார்மில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து இன்றைக்கும் கட்டாயம். 1943-ல் ஜானகியின் அப்பாவுக்கு முன்னால் இருந்த அதே கேள்விதான். உங்க வீட்டில் தம்பியோ தங்கச்சியோ அந்த ஃபார்மைக் கொண்டுவந்தால், கையெழுத்துக்கு முன்னால் ஏன் போகிறாய், என்ன வேலை, எத்தனை வருஷம், அதற்குப் பிறகு என்ன என்று உட்கார்ந்து பேசுங்க.

இன்னொரு வேலையும் இருக்கு. மலேசியா சொந்தத்துக்கு அடுத்த வாட்ஸ்அப் கால் போடும்போது, 'ஜப்பான்காரன் காலத்துல நம்ம வீட்டுல யாராவது முகாமுக்குப் போனாங்களா?'ன்னு கேட்டுப் பாருங்க. பெரியவங்க பேச ஆரம்பிச்சா போனிலேயே ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. பெயர், ஊர், தோட்டம், அப்போது என்ன வயசு... இந்த நாலும் இருந்தாலே போதும்.