வண்டி இழுக்கலையா? முதலில் கிளட்ச் ஒயரைப் பாருங்க!



குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்கும்போது காரணம் சொல்லிக் கேட்போம். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், மாமியாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்ற வரிசையில் இப்போது "வண்டி இன்ஜின் போச்சுக்கா" என்பதும் சேர்ந்துவிட்டது. சேராமல் என்ன செய்யும்? திருமழிசையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் வீட்டிலும், விடியற்காலையில் கோயம்பேடு போய் பூ எடுத்து வந்து ஆவடியில் விற்கிறவர் வீட்டிலும் வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

பூந்தமல்லி பக்கம் எங்கள் குழு அக்கா ஒருவர் இப்படித்தான் 7,000 ரூபாய் கேட்டார். வீட்டுக்காரரின் 100 சிசி பைக் மேம்பாலம் ஏறவில்லை, ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தம் மட்டும் வருகிறது, வண்டி நகரவில்லை. ஒரு கடையில் "இன்ஜின் இறக்கணும், போர் போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். தீர்மானம் எழுதும் முன்பு, மெக்கானிக் வேலை தெரிந்த உறுப்பினரின் தம்பி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கிளட்ச் லீவரை விரலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்சம்கூட லூஸ் இல்லை. யாரோ ஒயரை முழுக்க டைட் வைத்திருக்கிறார்கள். இரண்டு சுற்று தளர்த்தினார், வண்டி கிளம்பிவிட்டது. காசும் வாங்கவில்லை. ஆனால் பதினைந்து நாள் அப்படியே ஓட்டியதில் பிளேட் பாதி தேய்ந்துபோய், சில மாதம் கழித்து மாற்ற வேண்டி வந்தது. அதற்கும் கேட்ட பணத்தில் கால் பங்குகூட ஆகவில்லை.

லூஸ் இல்லாததற்கும் வண்டி இழுக்காததற்கும் என்ன சம்பந்தம்? இன்ஜின் சுற்றும் சக்தியை கியருக்குக் கொண்டுபோவது கிளட்ச். அதற்குள் வட்ட வட்டமாகப் பல பிளேட்டுகள், ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். லீவரைப் பிடித்தால் பிரியும், விட்டால் ஒட்டும். ஒயர் எப்போதும் இழுத்தபடியே இருந்தால் நாம் லீவரைப் பாதி பிடித்த மாதிரிதான். பிளேட்டுகள் முழுசாக ஒட்டாமல் வழுக்கும், உராய்ந்து கருகும். கிரைண்டரில் பெல்ட் லூஸானால் மோட்டார் சுற்றும், கல் சுற்றாது, பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே கதைதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஹேண்டில் நேராக இருக்கும்போது லீவரின் நுனியை ஒரு விரலால் அழுத்துங்கள். இறுக்கம் தட்டுவதற்கு முன் லேசாக ஆடும் தூரம், ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மற்ற வண்டிகளுக்கு அளவு மாறும், வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள். (அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்!) லீவர் பக்கத்தில், ரப்பர் மூடிக்குள் ஒரு நட்டும் திருகும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, திருகை உள்ளே திருகினால் ஒயர் லூஸாகும், வெளியே திருகினால் டைட் ஆகும். சரியானதும் நட்டை மறுபடி இறுக்க மறக்கக் கூடாது. அப்படியே ஒயரின் முனையையும் பாருங்கள். ஒன்றிரண்டு இழை அறுந்திருந்தால், நடுரோட்டில் முழுசாக அறுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

லூஸ் அதிகமானாலும் தொல்லைதான். லீவரை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னே நகரப் பார்க்கும், கியர் 'டக்'கென்று அடித்துக்கொண்டு விழும். லூஸ் சரியாக இருந்தும் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால்தான் பிளேட் தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிளேட் மாற்றுவது மெக்கானிக் வேலை. ஸ்கூட்டி, எக்ஸ்.எல். ஓட்டுகிற சகோதரிகளுக்கு இந்த லீவர் வேலையே கிடையாது. அதில் கிளட்ச் தானாக வேலை செய்யும்.

அடுத்தது ஆயில். நிறைய பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கித்தான் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று கார் ஆயில் ஊற்றினால் வழவழப்பு கூடி, நல்ல பிளேட்டே வழுக்கக்கூடும். டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆயில் அளவை சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் குச்சியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். ஆயில் குறைந்து ஓடிய இன்ஜின்தான் உண்மையிலேயே 'போகிற' இன்ஜின். பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல்.லில் பெட்ரோலோடு ஆயில் கலந்து போட்டுப் பழகியவர்கள் கவனிக்கவும்: 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. அதில் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது, இன்ஜினுக்குத் தனியாக ஊற்ற வேண்டும்.

இன்ஜின் நிஜமாகவே கெட்டிருக்கிறதா என்பதைப் புகையே சொல்லும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலம் கலந்த வெள்ளைப் புகை விடாமல் வந்து, ஆயிலும் குறைந்துகொண்டே போனால், ஆயில் உள்ளே எரிகிறது. ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம், கடைக்குத்தான் போக வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். மழைக்காலக் காலையில் கொஞ்ச நேரம் வந்து மறையும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. கிக்கர் அடிக்கும்போது காலுக்கு எதிர்ப்பே இல்லாமல் சும்மா இறங்கினால் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் ஸ்பார்க் பிளக் லூஸாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பயப்படுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பகுதியில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன! தண்ணீர் வடிந்ததும் நம் பிள்ளைகள் செய்த முதல் காரியம் கிக்கர் உதைத்ததுதான். அங்கேதான் தப்பு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரத்தில் போய் நிற்கும். ஆகவே இன்ஜின் வரை மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளிக்கொண்டே போங்கள். மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் மாற்றுவார். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்றச் சொல்லுங்கள். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது. முழு பாலிசி இருந்தாலும், நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினைக் கெடுத்துக்கொண்டால் கம்பெனி மறுக்கலாம். வண்டி தண்ணீரில் நிற்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

வண்டியைத் தொடும்போது புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது செயின் பக்கம் கையோ துணியோ போகவே கூடாது. சைலன்சர் ஆறட்டும். பெட்ரோல் வேலையை அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம், மூடிய அறைக்குள் இன்ஜினை ஓடவிடவும் வேண்டாம், அந்தப் புகை உயிரையே எடுக்கும். வடித்த பழைய ஆயிலைக் கால்வாயிலோ ஏரியிலோ கொட்டாமல் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கடைக்குப் போனால் கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேளுங்கள். "கிளட்ச் லூஸ் பார்த்தீங்களா அண்ணே? என்னென்ன மாத்தணும், எவ்வளவு ஆகும்னு பேப்பர்ல எழுதிக் குடுங்க. கழட்டின பழைய சாமானைத் திருப்பிக் குடுத்துடுங்க." நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். எங்கள் குழுவில் இப்போது வண்டி ரிப்பேருக்கு உள்கடன் கேட்டால், அந்தப் பேப்பரைத்தான் முதலில் கேட்கிறோம்.