பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: மதிப்பு மெருகிலா, பூட்டிலா?

கிள்ளானில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இளமையில் துப்பாக்கிச் சுடுதலில் ஆர்வம் கொண்டவர். அவருடைய பெயரில் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிள்ளைகள் மத்தியில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதை யார் வைத்துக்கொள்வது? விற்றால் என்ன விலை பெறும்?

முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவது கேள்விக்குப் போகக் கூடாது. துப்பாக்கி, வீடு நிலம் போலத் தந்தையிடமிருந்து மகனுக்குத் தானாக இறங்கும் சொத்து அல்ல. லைசென்ஸ் ஒருவர் பெயருக்கு மட்டுமே உரியது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சட்டவிரோதமாக வைத்திருந்ததாக 1971ஆம் ஆண்டின் கடுமையான தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால், 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. ஆகவே காரியம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துப்பாக்கியைத் தொடாமல், காரில் ஏற்றிக்கொண்டு கடைகடையாக அலையாமல், உடனே போலீஸ் நிலையத்தில் தெரிவித்து அவர்கள் சொல்லும் வழியில் நடப்பதே முறை. பிறகு லைசென்ஸ் பெற்ற வியாபாரி அதை மதிப்பிடலாம். அவர் எதைப் பார்த்து விலை சொல்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டால் குடும்பமும் ஏமாறாது. லைசென்ஸோடு வாங்க வருபவரும் ஏமாற மாட்டார்.

ஒன்றின் மேல் ஒன்று

இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரு வகை உண்டு. குழல்கள் பக்கத்தில் பக்கமாக அமைந்தது ஒரு வகை. ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்தது மற்றொன்று. இதை 'ஓவர் அண்டர்' என்பார்கள். கண்ணுக்கு ஒரே குழல் தெரிவதால் குறி பார்ப்பது எளிது. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்த 'சூப்பர்போஸ்ட்' இவ்வகையைப் பரவலாக்கியது. அவர் 1926இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் காலமானார். துப்பாக்கி 1931இல் விற்பனைக்கு வந்தது. இன்று களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிகளில் பெரும்பாலும் ஓவர் அண்டர்தான். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்ட 'டிராப்' போட்டியும் அத்தகையதே. அதன் தகுதிச் சுற்றில் மட்டும் ஒருவருக்கு 125 தட்டுகள். பயிற்சியையும் சேர்த்தால் ஒரு போட்டித் துப்பாக்கி பல்லாயிரம் முறை சுட்டிருக்கக் கூடும்.

பளபளப்பு பேசாது

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பழைய நகையை விற்கப் போனால், கடைக்காரர் மினுமினுப்பைப் பார்த்து விலை சொல்வதில்லை, உரைத்துப் பார்க்கிறார். பழைய கார் வாங்குபவரும் மெருகைப் பார்த்து மயங்காமல் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார். துப்பாக்கிக்கும் அதே விதிதான். குழலுக்குப் புதிதாக நீலநிறம் ஏற்றலாம். கட்டைக்கு எண்ணெய் பூசலாம். ஆனால் மிகுதியாகத் தேய்த்து மெருகேற்றிய உலோகத்தில் எழுத்துகளும் சித்திர வேலைப்பாடும் மழுங்கியிருக்கும். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால், தொழில் தெரியாத கை ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள்.

பூட்டுதான் உயிர்

துப்பாக்கியின் ஆயுளைச் சொல்வது குழலும் உடலும் சேரும் இடம். சுடும்போது அத்தனை அழுத்தத்தையும் தாங்குவது அந்தப் பூட்டுதான். தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகு, வியாபாரி முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை அசைத்துப் பார்ப்பார். முன்கட்டை இருந்தால் அதன் இறுக்கம் ஆட்டத்தை மறைத்துவிடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், குழலின் பின்முகத்துக்கும் உடலுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியக் கூடாது.

மேலே உள்ள திறப்பு நெம்புகோல் இன்னொரு சாட்சி. பல துப்பாக்கிகளில் புதிதாக இருக்கும்போது அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வந்து, பிறகு இடப்புறம் போகும். இது அறிகுறி மட்டுமே, தீர்ப்பு அல்ல. எல்லாத் தேய்மானமும் முடிவும் அல்ல. இத்தாலியின் பெரெட்டா 680 வரிசையில், குழல்கள் ஊன்றித் திரும்பும் பக்க முளைகளைப் புதிதாக மாற்றலாம். ஆகவே 'ஆடுகிறதா?' என்பதோடு 'சரிசெய்ய என்ன செலவு?' என்றும் கேட்க வேண்டும்.

குழலுக்குள் ஒரு பார்வை

கழற்றிய குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் உட்புறம் கண்ணாடி போல ஒளிவிட வேண்டும். புள்ளிப் புள்ளியாகக் குழிந்திருந்தால் துரு தின்றிருக்கிறது. உள்ளே கருவளையம் தெரிந்தால் குழல் அங்கே உப்பியிருக்கலாம், அது ஆபத்து. குழலைத் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். கரகரவென்று அதிர்ந்தால், குழல்களை இணைக்கும் பட்டை விட்டுப்போயிருக்கலாம்.

நம் நாட்டின் ஈரக்காற்று இதில் பெரிய எதிரி. தோல் உறையில் போட்டு ஆண்டுக்கணக்கில் வைத்தால், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து உலோகத்தைக் கெடுத்துவிடும். 1960களின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் வந்த பிரௌனிங் துப்பாக்கிகளில் இன்னொரு கதை. உப்பிட்டு உலர்த்திய மரத்தால் செய்த கட்டைகள் சிலவற்றில், மரம் தொடும் இடத்திலேயே இரும்பு துருப்பிடித்தது. பின்தகட்டின் திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும்.

முத்திரையும் அளவும்

நல்ல துப்பாக்கி, கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றே கடைக்கு வருகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனை நிலையம் 1813இல் நிறுவப்பட்டது. லியேஜ், இத்தாலியின் கார்டோனே முத்திரைகளும் புகழ்பெற்றவை. சோதனைக்குப் பிறகு குழலைக் குடைந்து மெலிதாக்கியிருந்தால், பழைய முத்திரையை நம்ப முடியாது. அதனால் குழல்சுவரின் கனத்தைக் கருவி வைத்து அளக்கிறார்கள். மிக மெல்லிய இடத்தில் சுமார் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும் என்பது பிரிட்டிஷ் தொழிலாளர்களின் பழைய கணக்கு.

தோட்டா அறையின் நீளம் உயிர்ப் பிரச்சினை. பழைய 12 போர் துப்பாக்கிகளில் 65 மில்லிமீட்டர் அறையும் உண்டு; இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். பெட்டியில் உள்ள அளவு, சுட்டு விரிந்த பின் உள்ள நீளம். மடித்த வாயோடு இருக்கும்போது 70 தோட்டா 65 அறைக்குள் எளிதாக நுழைந்துவிடும். சுட்டதும் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். 'நுழைந்துவிட்டதே' என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல.

விலை எப்படி அமைகிறது?

குழல், உடல், முன்கட்டை ஆகியவற்றின் எண்கள் பொருந்த வேண்டும். லைசென்ஸில் உள்ள எண்ணோடும் பொருந்த வேண்டும். அடுத்து, பழுதுபார்க்கும் செலவைக் கழிக்க வேண்டும். கடைசியாக, வாங்குபவரின் தோளுக்கும் முகத்துக்கும் கட்டை பொருந்த வேண்டும். மேலே பறக்கும் தட்டைச் சுடச் செய்த உயரமான கட்டை வேட்டைக்காரருக்கு உதவாது.

வெளிநாட்டு விலையை ரிங்கிட்டாக மாற்றி 'இவ்வளவு பெறும்' என்று கணக்கிடுவதும் தவறு. இங்கே வாங்கத் தகுதி பெற்றவர்கள் குறைவு. போலீஸ் அனுமதி இல்லாமல் கைமாற்றவும் முடியாது. வாங்குபவர் குறைந்த சந்தையில் விலையும் குறையும். தந்தை கொடுத்த விலை திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

அதற்காக அந்தத் துப்பாக்கி மதிப்பற்றது ஆகிவிடாது. பூட்டு உறுதியாகவும், குழல் சுத்தமாகவும், எண்கள் சரியாகவும் இருந்தால் அது இன்னொருவர் கையில் பல ஆண்டு உழைக்கும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்துதான். பெரியவரின் நினைவாக வைத்துக்கொள்ள அவருடைய புகைப்படம் போதும். துப்பாக்கி போக வேண்டியது, சட்டப்படி அதை வைத்திருக்கத் தகுதியுள்ளவரிடம்தான்.