மிக்சரும் கணினியும்

நவராத்திரியில் நம் குழந்தைகள் பாடுவதைப் பதிவு செய்ய, சிறிய யு.எஸ்.பி. மிக்சர் ஒன்று போதும். அதைக் கேபிளால் கணினியில் இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் ஒலி வரும் வழியாக மிக்சரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால், மடிக்கணினியின் சொந்த மைக் மின்விசிறிச் சத்தத்தைச் சிரத்தையாகப் பதிவு செய்துவிடும்!

ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள். சிறிய மிக்சர்களில் பெரும்பாலானவை, எத்தனை மைக் மாட்டினாலும், எல்லாவற்றையும் கலந்து இடம், வலம் என 2 தடங்களாகவே கணினிக்கு அனுப்புகின்றன. மிருதங்கம் பாட்டை அமுக்கிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது கடினம். வண்டி கிளம்பிய பின் நடுப்பெட்டியை மாற்ற முடியுமா? எனவே ஹெட்போனில் கேட்டு, முன்பே சரிசெய்யுங்கள். உரக்கப் பாடும்போது மென்பொருளின் அளவுகாட்டி மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். 0-வைத் தொட்டால் குரல் கரகரக்கும். கண்டன்சர் மைக் என்றால் 48 வோல்ட் சுவிட்சையும் போட வேண்டும்.

எண்பது வயதுப் பாட்டியின் தாலாட்டை இரண்டாம் முறை பாடச் சொல்ல மனம் வராது. அவர் பேசும்போதே அளவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவை வேவ் கோப்பாகச் சேமித்து, ஒரு பிரதியை வேறொரு டிஸ்கிலும் வையுங்கள்.