ஒரு ஹெச்பி மோட்டார் உண்மையில் என்ன செய்கிறது?

மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டிக்கு அரை ஹெச்பி மோட்டார் போதுமா, ஒரு ஹெச்பி வேண்டுமா என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை மாடி?" என்றுதான். இயற்பியலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விசையையும், அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது வேலை. 1,000 லிட்டர் தண்ணீரின் நிறை 1,000 கிலோ. அதை மேலே தூக்கச் சுமார் 9,800 நியூட்டன் விசை வேண்டும். உயரம் 10 மீட்டர் என்றால் வேலை 98,000 ஜூல். இந்தக் கணக்கில் நேரம் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? குடம் குடமாக நாள் முழுக்கச் சுமந்து ஊற்றினாலும் தண்ணீரை ஏற்றிய வேலை அதே 98,000 ஜூல்தான். (ஒவ்வொரு முறையும் நம் உடம்பையும் சேர்த்து ஏற்றுகிறோமே, அது தனிக் கணக்கு.)

நேரம் நுழைந்ததும் அது திறன் ஆகிவிடுகிறது. நொடிக்கு ஒரு ஜூல் வேலை நடந்தால் 1 வாட். ஒரு ஹெச்பி என்பது சுமார் 746 வாட். குதிரைகளை வைத்து ஆலை ஓட்டியவர்களிடம் நீராவி எந்திரத்தை விற்பதற்காக ஜேம்ஸ் வாட் 18ஆம் நூற்றாண்டில் நிர்ணயித்த அளவு இது. வியாபாரக் கணக்கு பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது!

98,000ஐ 746ஆல் வகுத்தால் 131 நொடி. அரை ஹெச்பிக்கு அதைப்போல் இரு மடங்கு. ஆனால் எந்த வீட்டிலும் தொட்டி இரண்டு நிமிடத்தில் நிரம்புவதில்லை. பம்பிலும் குழாய் உராய்விலும் கணிசமாக வீணாகிறது. போதாததற்கு, உயரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது. கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் அதே மோட்டார் கூடுதல் நேரம் ஓடுவது இதனால்தான்.

மின்கட்டணத்துக்கு இதைத் திருப்பிப் போடுங்கள்: திறனை நேரத்தால் பெருக்கினால் செலவான ஆற்றல். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். வாட்டை மட்டும் பார்த்துப் பயப்படுவது வீண். 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் எடுப்பது 1 யூனிட். 75 வாட் மின்விசிறி இரவும் பகலும் சுழன்றால் 1.8 யூனிட்.