பறங்கிமலையில் அளந்த ஒரு கோட்டிலிருந்து தொடங்கி நாட்டையே அளந்தது எப்படி?

சென்னையில் தாம்பரம் ரயிலில் பறங்கிமலையைக் கடந்திருப்பீர்கள். 1802-ல் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் இதனருகே சுமார் 12 கிலோமீட்டர் நேர்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து விரிந்த முக்கோணங்களில் பெரும்பாலும் கோணங்களை மட்டுமே அளந்தார். பிறகு தூரங்கள் எப்படிக் கிடைத்தன?

விடை காண, ஒரு வளையலுக்குள் மூன்று நூல்களை முக்கோணமாகக் கட்டுங்கள். ஒவ்வொரு நூலும் வட்டத்தின் நாண்.

நூலுக்கு எதிரே உள்ள கோணம் 90 டிகிரியா? அந்த நூலே விட்டம். 30 டிகிரியா? விட்டத்தில் சரிபாதி. வளையல் பெரிதானாலும் நூலுக்கும் விட்டத்துக்கும் உள்ள இந்த விகிதம் மாறாது. இதுதான் அந்தக் கோணத்தின் ‘சைன்’.

எந்த முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டுச் செல்லும் வட்டம் ஒன்று உண்டு. அளந்த கோட்டை எதிர்க்கோணத்தின் சைனால் வகுங்கள், விட்டம் வரும். அதை மற்ற கோணங்களின் சைனால் பெருக்குங்கள். மற்ற இரு பக்கங்களும் வந்துவிடும்.

அவற்றில் ஒன்றே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு! இப்படித் தொடர்ந்த அளவை, தெற்கே குமரிமுனையையும் வடக்கே இமயமலை அடிவாரத்தையும் எட்டியது.